76.5 கோடி டாலர் ஆளு போயிட்டாரு, யாங்கீஸ் பேஸ்பால் டீம் திரும்பவும் அதே 94 மேட்ச் ஜெயிச்சுது, எப்படி?

2024 டிசம்பர் 8ஆம் தேதி நியூஸ் வந்துச்சு, ஹுவான் சோட்டோ நியூயார்க் யாங்கீஸை விட்டுட்டு அதே ஊர்ல இருக்கற மெட்ஸுக்குப் போறாரு, 15 வருஷம், 76.5 கோடி டாலர். அந்த சீசன்ல 41 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடிச்சு யாங்கீஸை வேர்ல்டு சீரிஸ், அதாவது ஃபைனல் வரைக்கும் கூட்டிட்டுப் போன ஆளு. யாங்கீஸும் சும்மா விடல, 16 வருஷத்துக்கு 76 கோடி வரைக்கும் போனாங்க, ஆனா மெட்ஸ் காசு போக அவர் குடும்பத்துக்கு ஸ்டேடியத்துல ஃப்ரீயா ஒரு சொகுசு சூட்டும் (மேட்ச் பார்க்க தனி அறை) குடுத்துட்டாங்க. யாங்கீஸ் அந்த சூட் விஷயத்துல மட்டும் பிடிவாதமா நின்னுட்டாங்கன்னு சொல்றாங்க.

இது நம்ம ஐபிஎல் ஏலம் மாதிரி கிடையாது. சுத்தியல் தட்டற ஆள் இல்ல, ஏஜென்ட் ஒவ்வொரு டீம்கிட்டயும் தனித்தனியா பேசுவாரு, அடுத்த டீம் என்ன சொல்லிருக்குன்னு யாருக்கும் கன்ஃபார்மா தெரியாது. அந்த நிலைமைக்கு, அதாவது எந்த டீமுக்கும் போகலாம்ங்கற ஃப்ரீ ஏஜென்ட் ஆகறதுக்கு, ஒரு பிளேயர் மேஜர் லீக்ல, அதாவது டாப் லீக்ல 6 வருஷம் ஓட்டியாகணும். முதல் மூணு வருஷம் பெரும்பாலும் மினிமம் சம்பளம்தான் (2025ல 7.6 லட்சம் டாலர்), அப்புறம் மூணு வருஷம் டீமும் பிளேயரும் ஒத்து வரலன்னா ஆளுக்கு ஒரு சம்பளத் தொகை எழுதிக் குடுப்பாங்க, நடுவர் குழு ரெண்டுல ஒண்ணைத்தான் எடுக்கும், நடுவுல ஒரு தொகைன்னு பேச்சே இல்ல.

இந்த 6 வருஷக் கணக்குல ஒரு கூத்து இருக்கு. சீசன் ஓடறது 187 நாள் கிட்ட, அதுல 172 நாள் டீம்ல இருந்தா முழு வருஷம்னு கணக்கு. 2015ல சிகாகோ கப்ஸ், கிரிஸ் ப்ரையன்ட்னு ஒரு பையனை சீசன் ஆரம்பிச்சு ஏப்ரல் 17 அன்னைக்குத்தான் கீழ் மட்ட மைனர் லீக்ல இருந்து மேல கூப்பிட்டாங்க, வருஷக் கடைசில எண்ணிப் பார்த்தா 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு, அதனால கப்ஸுக்கு அவர் ஒரு வருஷம் எக்ஸ்ட்ராவா கிடைச்சாரு, கேஸ் போட்டும் ஜெயிக்க முடியல. அநியாயம்தான், ஆனா ரூல் புக்படி தப்பில்ல. சோட்டோ விஷயத்துல அதிர்ஷ்டம் என்னன்னா அவர் 19 வயசுலயே உள்ள வந்துட்டாரு, அதனால 26 வயசுலயே வெளிய வந்தாச்சு, நிறைய பேருக்கு இந்த சான்ஸ் கிடைக்கறப்ப 29, 30 ஆயிடும். 2022லயே வாஷிங்டன் நேஷனல்ஸ் 15 வருஷம் 44 கோடின்னு சொன்னப்ப வேணாம்னாரு, நிறைய பேர் தலையில அடிச்சுக்கிட்டாங்க.

சரி, இவ்ளோ காசுன்னு எப்படி முடிவு பண்றாங்க? அடிப்படை ரொம்ப சிம்பிள். பேஸ்பால்ல எந்த நேரத்துலயும் நிலைமை 24 வகைதான், மூணு பேஸ்ல யார் யார் நிக்கறாங்கங்கறது 8 வகை, அவுட் 0, 1, 2ன்னு மூணு வகை (மூணாவது அவுட்டோட இன்னிங்ஸ் முடிஞ்சிடும்). லட்சக்கணக்கான இன்னிங்ஸை எடுத்து ஒவ்வொரு நிலைமைல இருந்தும் சராசரியா எத்தனை ரன் வருதுன்னு பார்த்து வெச்சிருக்காங்க. யாரும் பேஸ்ல இல்ல, அவுட்டும் இல்லன்னா அந்த இன்னிங்ஸ்ல சராசரி அரை ரன் கிட்ட வரும், வாக்ல (பிட்சர், அதாவது பந்து வீசறவர், நாலு பந்தைத் தப்பா போட்டா ஃப்ரீயா முதல் பேஸ் கிடைக்கறது) ஒருத்தர் முதல் பேஸ்ல போய் நின்னுட்டா அது 0.9 கிட்ட ஏறும், அந்த வித்தியாசம்தான் அந்த வாக்கோட மதிப்பு. எல்லா நிலைமையும் சேர்த்து சராசரி எடுத்தா ஒரு வாக் சுமார் 0.3 ரன், ஒரு ஹோம் ரன் சுமார் 1.4 ரன். சோட்டோ 2024ல 129 வாக் எடுத்தாரு, மட்டையைத் தூக்காம நின்னே 39 ரன் கிட்ட சேர்த்திருக்காரு (அவுட் ஆனதுக்கு மைனஸ் தனி).

ரன்னை வெற்றியா மாத்தணும்னா, சுமார் 10 ரன்னுக்கு 1 வெற்றி. அந்த வெற்றியை சைபர்ல இருந்து எண்ணக்கூடாது, மைனர் லீக்ல இருந்து ஃபோன் போட்டா நாளைக்கே மினிமம் சம்பளத்துக்கு வந்து நிக்கற ஆளோட ஒப்பிட்டு எண்ணணும், அந்த எக்ஸ்ட்ரா வெற்றிக் கணக்கைத்தான் வார்னு (WAR) சொல்றாங்க. டீம் முழுக்க அப்படிப்பட்ட ஆளுங்களை வெச்சா 162ல ஒரு 48 மேட்ச் ஜெயிக்கலாம். சோட்டோவோட 2024 வார் கிட்டத்தட்ட 8. மார்க்கெட்ல ஒரு வெற்றிக்கு 80 லட்சத்துல இருந்து 1 கோடி டாலர்னு பொதுவா மதிப்பிடறாங்க.

இப்ப வயசு. போன வருஷம் பண்ணதுக்கு யாரும் காசு குடுக்கல, இனிமே பண்ணப் போறதுக்குத்தான். ஒரே பிளேயரோட இந்த வருஷத்தையும் அடுத்த வருஷத்தையும் கழிச்சுப் பார்த்து, அதை ஆயிரக்கணக்கான பேருக்கு செஞ்சு வயசு வளைவுன்னு ஒண்ணு போடுவாங்க, 26ல இருந்து 29 வரைக்கும் உச்சம், 30 தாண்டினா வருஷத்துக்கு அரை வார் போகும்னு ஒரு தோராயம். இதுல ஒரு பொறி இருக்கு, ரொம்ப சொதப்பினவங்களுக்கு அடுத்த வருஷம் வேலையே கிடைக்காது, அதனால அவங்க சரிவு டேட்டாவுல வராது, வளைவு நிஜத்தை விட அழகா தெரியும். இதை சரி பண்ணாம காசு போட்டா கையைச் சுடும்.

நானே ஒரு கணக்கு போட்டேன்: சோட்டோவுக்கு முதல் 5 வருஷம் 6 வார்னு வைங்க, அப்புறம் வருஷத்துக்கு அரை அரையா குறைங்க, 15 வருஷத்துக்கு மொத்தம் 62.5 வருது. ஒண்ணு 1 கோடின்னா 62.5 கோடி, அந்த ரேட்டும் வருஷா வருஷம் ஏறும்ல, அதனால 76.5 கோடி பைத்தியக்காரத்தனம்னு சொல்ல முடியாது, காஸ்ட்லிதான். 40 வயசு வரைக்கும் எதுக்கு இழுக்கறாங்கன்னா லக்சுரி டாக்ஸ், அதாவது டீமோட மொத்த சம்பளம் ஒரு அளவைத் தாண்டினா கட்டற அபராதம். மொத்தத் தொகையை வருஷத்தால வகுத்து வர்ற சராசரிதான் டாக்ஸ் கணக்குக்குப் போகுது. 2022ல சான் டியாகோ டீம், போகார்ட்ஸ்ங்கற பிளேயருக்கு 30 வயசுல 11 வருஷம் 28 கோடி குடுத்தது இப்படித்தான், 7 வருஷத்துல குடுத்திருந்தா வருஷத்துக்கு 4 கோடி, இப்ப 2.5 கோடி. 2025ல டீமோட மொத்த சம்பளம் 24.1 கோடி தாண்டினா டாக்ஸ், 30.1 கோடியும் தாண்டிட்டா யாங்கீஸ் மாதிரி வருஷா வருஷம் மாட்டற டீமுக்கு அதுக்கு மேல போற ஒவ்வொரு டாலருக்கும் 1.10 டாலர் அபராதம்.

யாங்கீஸ் என்ன பண்ணாங்க? ரெண்டே நாள்ல மேக்ஸ் ஃப்ரீட்னு இடதுகை பிட்சரை 8 வருஷம் 21.8 கோடிக்கு எடுத்தாங்க. கப்ஸ் அப்பதான் கைல் டக்கரை வாங்கி அவுட்ஃபீல்டுல கூட்டமாயிருந்துச்சு, சம்பளத்தைக் குறைக்கற அவசரத்துல கோடி பெல்லிஞ்சர்ங்கற பிளேயரை யாங்கீஸ்கிட்ட தள்ளிவிட்டாங்க, கூடவே கொஞ்சம் காசும் குடுத்து. முதல் பேஸ்க்கு 37 வயசு கோல்ட்ஷ்மிட், ஒரே வருஷம், 1.25 கோடி. இதுல கோல்ட்ஷ்மிட் ஒண்ணும் பிரமாதமா ஆடல, 10 ஹோம் ரன்தான், ஆனா அதுக்கு முந்தின வருஷம் அந்த இடத்துல ஆடினவங்க அவ்ளோ மோசம், சுமாரான ஆளே லாபம். ஒரு இடத்துல வார் 6ஐ 8 ஆக்கறதும் 0ஐ 2 ஆக்கறதும் ஸ்கோர்போர்டுக்கு ஒண்ணுதான், விலைதான் வேற, எனக்கு இந்த மொத்த விஷயத்துல பிடிச்ச பாயின்ட்டே இதான். எல்லாம் பலிக்கலங்க, க்ளோசரா, அதாவது மேட்ச் கடைசில போடற பிட்சரா வாங்கின டெவின் வில்லியம்ஸ் இஆர்ஏ (9 இன்னிங்ஸுக்கு சராசரியா விட்ட ரன், குறைஞ்சா நல்லது) 4.79ல போய் நின்னுது, மார்ச்லயே முக்கிய பிட்சர் கெரிட் கோலுக்கு முழங்கை ஆபரேஷன், சீசன் முழுக்க இல்ல.

ஆனாலும் 2024லயும் 94 வெற்றி, 2025லயும் 94. ஃப்ரீட் 19 ஜெயிச்சாரு, பெல்லிஞ்சர் 29 ஹோம் ரன். யாங்கீஸ் ஸ்டார் ஆரன் ஜட்ஜ் .331 பேட்டிங் ஆவரேஜ், 53 ஹோம் ரன்னு ஒரு பக்கம் தூக்கிட்டு நின்னாரு, அதையும் சொல்லணும், இல்லன்னா ஆஃபீஸ்ல உக்காந்து கணக்கு போட்டவங்களுக்கே எல்லா பேரும் போயிடும். மெட்ஸ்ல சோட்டோவும் 43 ஹோம் ரன் அடிச்சாரு, 38 பேஸ் திருடினாரு, அவர் மேல ஒரு குறையும் சொல்ல முடியாது, ஆனா டீம் 83ல நின்னு கடைசி நாள் ப்ளேஆஃப் வாய்ப்பை விட்டுச்சு. பிட்சிங் ஓட்டையை ஒரு பேட்ஸ்மேன் அடைக்க முடியாதில்ல.

2023 டிசம்பர்ல சோட்டோவை சான் டியாகோல இருந்து வாங்கறப்ப கூடவே டிரென்ட் கிரிஷம்னு ஒருத்தரும் வந்தாரு, முதல் வருஷம் பாதி நாள் பெஞ்ச்லதான். சோட்டோ போனதும் அவருக்கு இடம் கிடைச்சுது, 2025ல 34 ஹோம் ரன். சீசன் முடிஞ்சதும் அவரும் ஃப்ரீ ஏஜென்ட், யாங்கீஸ் ஒரு வருஷத்துக்கு 2.2 கோடி டாலர்னு ரூல்படி இருக்கற க்வாலிஃபையிங் ஆஃபரை நீட்டினாங்க, பெரும்பாலானவங்க வேணாம்னு மார்க்கெட்டுக்குப் போவாங்க, இவர் சரின்னு வாங்கிக்கிட்டாரு. சென்டர் ஃபீல்டு பிரச்சனை ஒரு வருஷத்துக்கு முடிஞ்சுது, டாக்ஸ் கணக்குல மட்டும் இன்னொரு 2.2 கோடி ஏறிருச்சு.