ரைடர்ஷிப்: சவாரியும் இல்லை, பயணிகளும் இல்லை

‘சவாரி முன்னறிவிப்பு.’ ஒரு போக்குவரத்துத் திட்ட அறிக்கையின் தமிழாக்கத்தில் இப்படி ஒரு தலைப்பு. ஒருமுறை என்றால் கண்டுகொள்ளாமல் போயிருப்பேன். இந்த மாதத்தில் மட்டும் மூன்றாவது முறை. குதிரைப் பந்தயத்துக்கு யாரோ தேதி குறித்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டு மூலத்தைப் பார்த்தால், ரைடர்ஷிப் ஃபோர்காஸ்ட். அதாவது பேருந்துக்கும் ரயிலுக்கும் எவ்வளவு கூட்டம் வரும் என்ற கணக்கு.

ரைடு என்பது பழைய ஆங்கிலத்தில் குதிரைமேல் ஏறிப் போவது. ஷிப் இங்கே கப்பல் இல்லை, நிலையையோ திரளையோ காட்டும் விகுதி. ரீடர்ஷிப் வாசகர் திரள் என்றால் ரைடர்ஷிப் பயணிகள் திரள். பிறப்பு இவ்வளவுதான்.

சவாரியும் குதிரை லாயத்திலிருந்து வந்த சொல்தான். பாரசீகத்தில் சவார் என்றால் குதிரையில் வருபவன். அகராதியை வைத்துப் பார்த்தால் மொழிபெயர்ப்பாளர் மேல் குற்றமே சொல்ல முடியாது. ஆனால் தமிழில் அந்தச் சொல் இன்று என்ன வேலை பார்க்கிறது? ஆட்டோ ஓட்டுபவர் ‘காலையிலிருந்து நாலு சவாரி’ என்கிறார். மூன்று பேர் சேர்ந்து ஏறினாலும் அவருக்கு அது ஒரு சவாரிதான். அது வண்டியின் கணக்கு, ஆளின் கணக்கு இல்லை. அறுபது பேரோடு போகும் பேருந்துக்கு எத்தனை சவாரி என்று எழுதுவது? பேருந்தில் இந்தச் சொல் நம் வாயில் வருவது ஓசிச் சவாரி என்னும்போது மட்டுமே. அதுவோ டிக்கெட் கணக்கிலேயே வராது!

சரி, ‘பயணிகள் எண்ணிக்கை’ என்று போட்டால்? பலரும் அப்படித்தான் போடுகிறார்கள். கேட்கவும் நன்றாக இருக்கிறது. சவாரியாவது சிரிப்போடு போய்விடும். இது நம்பவைத்து ஏமாற்றும். ஒருவர் வேலைக்குப் போக ஒரு பேருந்து, ஒரு ரயில், மறுபடி ஒரு பேருந்து பிடிக்கிறார். திரும்பும்போதும் அப்படியே. ஆள் ஒருவர், பயணம் இரண்டு, வண்டி ஏறியது ஆறு தடவை. இதில் எது ரைடர்ஷிப்? அமெரிக்காவில் போக்குவரத்து நிறுவனங்கள் கூட்டாட்சி அரசுக்குக் கொடுக்கும் கணக்கில் அது ஆறு. வண்டி மாறினால் மாறிய ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்று. சொற்பிறப்பு ஆளைக் காட்டுகிறது, வழக்கு ஏறுவதை எண்ணுகிறது. அங்கேதான் நம் ஆட்கள் வழுக்குகிறார்கள்.

கட்டண ஒருங்கிணைப்பு, அதாவது பேருந்து, ரயில் என்று மாறி ஏறினாலும் ஒரே பயணமாக வைத்துக் கட்டணம் வாங்குவது, வந்துவிட்டால் இந்த வழுக்கல் இன்னும் மோசம். (அந்தத் தொடரில் எனக்குக் குறை இல்லை, கட்டுவதால் கட்டணம். ஆனால் ‘ஒரே அட்டை’யை அதற்கு மாற்றாகச் சொல்வது தவறு. ஒரே அட்டையிலிருந்து மூன்று தடவை முழுக்கட்டணம் கழிந்தால் ஒன்றானது பணப்பை மட்டும்தான்.) ஹாம்பர்க் 1965இல் தொடங்கிய போக்குவரத்துக் கூட்டமைப்பும், சியோல் 2004இல் செய்த சீர்திருத்தமும் இந்த ஒருங்கிணைப்புக்குத்தான் பேர்போனவை. சியோலில் பேருந்தும் மெட்ரோவும் மாறி ஏறினாலும் மொத்தத் தூரத்துக்கே கட்டணம். மாறுவதற்குத் தண்டம் இல்லை என்றால் ஜனம் மாறி மாறி ஏறும். நீண்ட நேர்வழிப் பேருந்தை வெட்டி ரயில் நிலையத்தோடு நிறுத்தினாலும் ஏறும் எண்ணிக்கை கூடும், ஒரு ஆள்கூடப் புதிதாக வராமலேயே. அதைப் போய் ‘பயணிகள் எண்ணிக்கை உயர்ந்தது’ என்று தமிழில் எழுதினால் அது மொழிபெயர்ப்பா, விளம்பரமா?

ஏறுவதை எண்ணினால் ‘ஏறுகை’, பயணத்தை எண்ணினால் ‘பயண எண்ணிக்கை’, ஆளை எண்ணினால் மட்டுமே ‘பயணிகள் எண்ணிக்கை’. ரைடர்ஷிப் என்று வெறுமனே வந்தால் மூலத்தில் எதை எண்ணினார்கள் என்று பார்த்துவிட்டு எழுதவேண்டும், பெரும்பாலும் ஏறுகைதான். புதுச்சொல்லாக இருக்கிறதே என்பவர்கள் ‘வருகைப் பதிவு’ என்று தினமும் சொல்கிறவர்கள்தான்.

அப்புறம் அந்த முன்னறிவிப்பு. ‘முன்னறிவிப்பின்றி ரத்து’ என்கிறோமே, அதுதான் அறிவிப்பு. வானிலைக்கு அது பழகிவிட்டது, போகட்டும். இங்கே நடப்பது கணக்குப் போட்டுப் பார்ப்பது. ‘கணிப்பு’ போதும், ‘முன்’கூட வேண்டாம். அறிவிக்கிற அளவுக்கு அதில் உறுதியும் கிடையாது. ஃப்ளூபியர்க் என்ற டேனிஷ் ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ரயில் திட்டங்களில் பத்துக்கு ஒன்பதில் கணிப்பு மிகை. உண்மையில் வந்ததைவிடச் சராசரியாக 106 சதவீதம் கூடுதல். வருவதாகச் சொன்னதில் ஏறக்குறைய பாதிதான் வந்தது.

வண்டி மாறுவதைச் சொல்லும் டிரான்ஸ்ஃபருக்கு ‘மாறுகை’ என்றால் ஏறுகையோடு ஜோடியாகவும் இருக்கும். நான் சொன்ன அறிக்கையில் அதற்கு ‘இலவச இடமாற்றம்’ என்று போட்டிருந்தார்கள். அரசு ஊழியர் யாராவது படித்திருந்தால் அன்றைக்கே மனு எழுதியிருப்பார்.