கன்ட்ரோலர் கையில் இல்லாதவருக்குத்தான் ஜப்பானிய மொழி ஏறுகிறது

கேம் ஆடி மொழி கற்கலாம் என்று நம்புகிறவர்களைக் கொஞ்சம் நெளிய வைக்கும் ஆய்வு ஒன்று 2010-இல் வந்தது. ஜோனதன் டிஹான் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் ஜப்பானியப் பல்கலைக்கழக மாணவர்கள் 80 பேரை ஜோடி ஜோடியாகப் பிரித்தார்கள். ஜோடியில் ஒருவர் ஆங்கிலத்தில் உள்ள ஓர் இசை கேமை 20 நிமிடம் ஆடினார், மற்றவர் அதே ஆட்டத்தை இன்னொரு திரையில் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் இரண்டு பேருக்கும் சொல் தேர்வு. ஆடியவருக்கும் சொற்கள் நினைவில் நின்றன, பார்த்தவருக்கும் நின்றன, ஆனால் பார்த்தவருக்குத்தான் கணிசமாக அதிகம் நின்றன.

"நீயே கையில் எடுத்து ஆடினால்தான் மண்டையில் ஏறும்" என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பதற்கு இது நேர் எதிர். காரணம் மர்மமானதும் இல்லை. ஒரு நொடியில் நம் மனம் கையாளக்கூடிய விஷயங்கள் மிகக் குறைவு. செயல்நினைவு என்று சொல்லப்படும் அந்த இடத்தில் ஏறக்குறைய 4 துண்டுகள்தான் அடங்கும் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் கணித்தார். எந்த பட்டனை எப்போது அழுத்துவது என்ற கவலையே அதில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டால், திரையில் ஓடும் சொல்லைக் கவனிக்க இடம் ஏது? கற்கும் பொருளோடு சம்பந்தமில்லாத இப்படிப்பட்ட பாரம் கற்றலைக் கெடுக்கும் என்று கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1988-இலிருந்தே சொல்லிவருகிறார். பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அந்தப் பாரம் இல்லை, அவ்வளவுதான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அந்த ஆய்வில் இரண்டு வாரம் கழித்து மறுபடி தேர்வு வைத்தபோது இரு தரப்புமே நிறைய மறந்திருந்தது. அதைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

இப்போது இதை, மொழி கற்க நண்பர்கள் சிலர் கூடி உட்கார்ந்து ஆடும் ஜப்பானிய ஆர்பிஜிக்கு, அதாவது நாயகனாக ஊர் ஊராகப் போய்ப் பேசியும் சண்டை போட்டும் கதையை நகர்த்தும் கேமுக்கு, கொண்டுவருவோம். இசை கேமில் தாளத்துக்குச் சரியாக பட்டனை அழுத்த வேண்டும், யோசிக்க நேரமில்லை. பழைய பாணி ஆர்பிஜியில் யாருக்கும் அவசரமில்லை. ஊர்க்காரரிடம் பேசினால் அவர் சொல்வது ஒரு பெட்டிக்குள் எழுத்தாக வருகிறது, மூலையில் ஒரு சின்ன முக்கோணம் மினுங்குகிறது, நீங்கள் பட்டனை அழுத்தும் வரை அது அங்கேயே காத்திருக்கிறது. அகராதியைப் புரட்டலாம், டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம், பக்கத்தில் இருப்பவரோடு அரை மணி நேரம் சண்டையும் போடலாம். மொழி கற்பவருக்கு இந்தக் காத்திருப்பை விடப் பெரிய வசதி கிடையாது. குரல் நடிப்போடு தானாக ஓடிவிடும் காட்சிகள் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஆரம்ப நிலைக்காரருக்கு அவை வெறும் இரைச்சல்.

இந்த வகைக்கே தாய்வீடு என்று சொல்லத்தக்க டிராகன் குவெஸ்ட் 1986 மே மாதம் நின்டெண்டோவின் ஃபாமிகாம் என்ற வீட்டு கேம் கருவிக்கு வந்தபோது, பெரும்பாலான ஜப்பானியச் சிறுவர்கள் ஆர்பிஜி என்ற ஒன்றைப் பார்த்ததே இல்லை. வடிவமைத்த யூஜி ஹோரி அவர்களுக்கும் பாடம் நடத்தியாக வேண்டும். அதற்கு அவர் செய்த வேலை இதுதான்: ஆட்டத்தின் தொடக்கத்திலேயே நாயகனை அரசரின் அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். அறையில் சில பெட்டிகள், அவற்றில் ஒன்றில் சாவி. பெட்டியில் இருப்பதை எடுக்க "தொரு" என்ற கட்டளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கதவைத் திறக்க "தொபிரா", படியில் இறங்க "கைதான்". படி மேல் போய் நின்றால் மட்டும் போதாது, "படி" என்று பட்டியலில் சொல்லியாக வேண்டும்! பேசுவதற்கான "ஹனாசு"வைத் தேர்ந்தெடுத்தால் எந்தத் திசையில் என்று வேறு கேட்கும்: கிதா, மினாமி, நிஷி, ஹிகாஷி. நாயகனின் படம் எப்போதும் நம்மையே பார்த்து நிற்கும், அதனால் அவன் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறான் என்று கேமுக்கே தெரியாது. ஆடுபவருக்கு எரிச்சலூட்டிய இந்தச் சிக்கல், கற்பவருக்கு வடக்கு தெற்கு கிழக்கு மேற்கை வாழ்நாளுக்கும் மறக்காதபடி ஏற்றிவிடுகிறது.

அந்த கேமில் கஞ்ஜி, அதாவது பொருளைக் குறிக்கும் சீன எழுத்து, ஒன்றுகூடக் கிடையாது; ஒலியைக் குறிக்கும் ஹிராகானாவும் கட்டகானாவும்தான். கேட்ரிட்ஜில் இருந்ததே 64 கிலோபைட் இடம். அதற்குள் வரைபடம், பேய்கள், இசை, உரையாடல் எல்லாம் அடங்க வேண்டும் என்பதால் கட்டகானா எழுத்துகளில்கூட 20-ஐ மட்டும் வைத்துக்கொண்டார்கள், பேய்களின் பெயர்களும் மந்திரங்களின் பெயர்களும் அதற்குள்ளேயே முடிந்தாக வேண்டும். சேமிக்கும் வசதியும் கிடையாது. அரசர் ஒரு "உயிர்ப்பிக்கும் மந்திரம்" சொல்வார், 20 ஹிராகானா எழுத்துகள், அர்த்தமே இல்லாத வரிசை, அதைத் தாளில் எழுதி வைத்து அடுத்த நாள் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் உள்ளிட வேண்டும். அர்த்தம் இல்லாததால் ஊகித்து எழுத முடியாது, ஒவ்வொரு எழுத்தின் வடிவத்தையும் உற்றுப் பார்த்தே ஆக வேண்டும். ஹிராகானா பழக இதைவிடக் கறாரான வாத்தியார் எனக்குத் தெரியவில்லை. ஒருவர் படித்துச் சொல்ல இன்னொருவர் எழுதினால் காதுக்கும் பயிற்சி.

கஞ்ஜி இல்லாமல் இருப்பது வரமா என்றால், பாதி வரம். 46 அடிப்படை ஹிராகானா எழுத்துகளைக் கற்றவுடன் வாசிக்கத் தொடங்கிவிடலாம். ஆனால் ஒரே ஒலியுள்ள சொற்கள் ஜப்பானிய மொழியில் ஏராளம். "போனான்" என்பதும் "சொன்னான்" என்பதும் ஹிராகானாவில் ஒரே மாதிரி "இத்தா" என்றுதான் நிற்கும், கஞ்ஜி இருந்தால்தான் கண்ணுக்கே வித்தியாசம் தெரியும்.

சரி, தமிழ் பேசுகிறவருக்கு இதில் ஒரு சலுகை இருக்கிறது, அதை வேறு யாரும் நமக்கு எடுத்துச் சொல்லப்போவதில்லை. ஜப்பானிய வாக்கியம் நம் வாக்கியம் மாதிரியே வினையில் முடிகிறது. வேற்றுமை உருபு போல ஒட்டுகள் பெயருக்குப் பின்னால் வருகின்றன. "நேற்று வந்த ஆள்" என்பதை அதே வரிசையில் "கினோ கிதா ஹிதோ" என்கிறார்கள், ஆங்கிலம் வழியாக ஜப்பானிய மொழி கற்கிறவர் தலைகீழாகத் திருப்பி யோசிக்கும் இடம் இது. "சாப்பிட்டுப் பார்" என்பதில் நாம் பார்வையைச் சொல்லவில்லை, முயற்சியைச் சொல்கிறோம், அவர்களும் "தபேதே மிரு" என்று அதே "பார்" வினையைப் போடுகிறார்கள். "வாங்கி வை" என்பதற்கும் அவர்களிடம் அப்படியே ஒரு "வை" உண்டு. "என்று சொன்னான்" என்பதில் வரும் "என்று"வுக்கு ஒரு "தோ". சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இந்த ஒற்றுமைகளை வைத்து இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்றே வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலானோர் அதை ஏற்கவில்லை, நானும் அதற்குள் போகவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, திரையில் வரும் நீண்ட வாக்கியத்தை இடமிருந்து வலமாக, வந்த வரிசையிலேயே தமிழில் சொல்லிக்கொண்டு போக முடிகிறது. அதனால் குழுவாக உட்கார்ந்து ஆடும்போது, தமிழிலேயே விளக்கிக்கொள்ளுங்கள் என்பேன், ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பாதீர்கள்.

ஒரே ஓர் இடத்தில் இந்தச் சலுகை நம்மைக் கைவிடுகிறது. தமிழில் எழுவாயை விட்டுவிட்டாலும் "போனேன், போனாள், போனார்கள்" என்று வினையே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஜப்பானிய வினை அப்படிக் காட்டாது. ஊர்க்கிழவர் "கோட்டைக்குப் போ..." என்று கடந்த காலத்தில் ஏதோ சொல்கிறார், போனது அவரா, அவர் மகனா, இளவரசியா என்பது முந்தைய வரியிலிருந்தோ கதையிலிருந்தோ தெரிந்தால்தான் உண்டு.

குழுவாக ஆடுவதற்குப் பலன் கிடைக்கும் இடம் இதுதான். தனியாக ஆடுகிறவர் இந்த இடத்தில் "ஏதோ ஒருத்தர் போனார்" என்று முக்கோணத்தை அழுத்திவிட்டு நகர்ந்துவிடுவார். மூன்று பேர் இருந்தால் ஒருவர் மகன் என்பார், ஒருவர் இளவரசி என்பார், மூன்றாவது ஆள் முந்தின வரியில் இருந்த ஒட்டைக் காட்டி இரண்டு பேர் சொல்வதும் தப்பு என்பார். பொருள் புரியாத இடத்தில் நின்று, கேட்டு, மறுத்து, திருத்தி அதைப் பேசித் தீர்ப்பதுதான் மொழி கற்றலின் இயந்திரம் என்று மொழியியலாளர் மைக்கேல் லாங் 1980-களில் வாதிட்டார். மெரில் ஸ்வெய்ன் 1985-இல் இன்னொன்றைச் சேர்த்தார்: வெறுமனே உள்வாங்கிக்கொண்டே இருந்தால் போதாது, வாயைத் திறந்து சொல்ல முயலும்போதுதான் தனக்கு எது தெரியாது என்பது தெரிகிறது. வகுப்பறையில் இந்த வாதம் செயற்கையாக இருக்கும், யாருக்கும் அந்தக் கிழவரின் மகன் மேல் அக்கறை கிடையாது. கேமில் தப்பாகப் புரிந்துகொண்டால் தப்பான குகைக்குப் போய் எல்லாரும் செத்துப்போவீர்கள். ஆசிரியர் தேவையே இல்லை, பதில் சரியா தப்பா என்பதைப் பேய் சொல்லிவிடும்.

ஆகவே வேலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோலர் ஒருவர் கையில், பெட்டியில் வரும் எழுத்தைச் சத்தமாக வாசிப்பது இன்னொருவர், அகராதி மூன்றாமவர். நாலாவது ஆள் இருந்தால் குறிப்பு எழுதட்டும். அதற்கு மேல் கூட்டம் சேர்ந்தால் அரட்டைதான் மிஞ்சும். சத்தமாக வாசிப்பது வெறும் சடங்கு கிடையாது: மௌனமாகப் படித்த சொல்லைவிட வாய்விட்டுப் படித்த சொல் நன்றாக நினைவில் நிற்கிறது என்பதை காலின் மெக்லியோடும் சகாக்களும் 2010-இல் விரிவாகக் காட்டினார்கள். முக்கியமான நிபந்தனை, கன்ட்ரோலர் சுற்றி வர வேண்டும். குழுவில் நன்றாக ஆடத் தெரிந்தவரிடமே அதைக் கொடுத்துவிட்டால் அவர் மட்டும் மொழியில் பின்தங்கிப்போவார், பாவம், அவர்தான் உழைக்கிறார் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

சண்டைக் காட்சிகளை நம்பாதீர்கள். "இன்ன பேய் தோன்றியது", "இன்னாருக்கு அடி விழுந்தது" என்று ஒரே வாக்கியங்கள் ஒரு மாலைக்குள் நூறு தடவை வரும், இவ்வளவு முறை வந்தால் தானாக ஏறிவிடும் என்று தோன்றும். முதல் சில தடவைக்கு ஏறத்தான் செய்கிறது. அப்புறம் நீங்கள் வாசிப்பதையே நிறுத்திவிடுகிறீர்கள். மேலிருந்து முதல் வரி தாக்குதல், கடைசி வரி தப்பித்து ஓடு என்று விரல் இடத்தை நினைவில் வைத்துக்கொள்கிறது, எழுத்து வெறும் அலங்காரமாகிவிடுகிறது. ஒரு குழுவில் இதற்கு நல்ல மருந்து பார்த்தேன்: கன்ட்ரோலர் வைத்திருப்பவர் கட்டளையைத் தானாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது, மற்றவர்கள் ஜப்பானிய மொழியில் வாய்விட்டுச் சொன்னால்தான் அழுத்துவார். சொல் வரவில்லையா, பேய் அடிக்கட்டும்.

கதையின் பக்கம் பிரச்சினை வேறு மாதிரி. அங்கே நல்ல சொற்கள் ஒரே ஒரு முறை தலைகாட்டிவிட்டுப் போய்விடும். ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-இல் அர்த்தமற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து அளந்து காட்டினாரே, கற்றதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே கரைந்துவிடுகிறது என்று, அந்த விதி இங்கேயும் ஓடும், டிஹானின் மாணவர்களுக்கு நடந்ததும் அதுதான். திரும்பத் திரும்பப் பார்ப்பதைவிட, பார்க்காமல் நினைவுகூர முயல்வதே நீண்ட நாள் நிற்க வைக்கிறது. ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் மாணவர்களிடம் சோதித்தபோது, மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் ஜெயித்தார்கள், படித்ததைத் தானே நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் ஜெயித்தார்கள். வாரம் ஒரு முறை கூடும் குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான இடைவெளி வேண்டுமா? போன வாரம் கதையில் என்ன நடந்தது என்று ஆளுக்கு இரண்டு வாக்கியம், குறிப்பைப் பார்க்காமல், ஜப்பானிய மொழியில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். முந்தின வாரம் வராதவருக்குச் சொல்வது போலச் சொன்னால் நாடகத்தனமும் குறையும்.

ஓர் எச்சரிக்கை பாக்கி. ஆர்பிஜி கிழவர்கள் தங்களை "வாஷி" என்பார்கள், வாக்கியத்தை "ஜா" என்று முடிப்பார்கள். ஜப்பானில் நிஜக் கிழவர்கள் பெரும்பாலும் இப்படிப் பேசிக்கொண்டு திரிவதில்லை. கிழவர், இளவரசி, முரடன் என்று கதாபாத்திர வகைக்கு ஒரு பேச்சு ஒட்டிக்கொண்டிருக்கிறது, சதோஷி கின்சுய் என்ற மொழியியலாளர் இதற்கு "யகுவரிகோ" என்று பெயரிட்டு விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இதைத் தெரியாமல் கற்றுக்கொண்டு டோக்கியோ அலுவலகத்தில் போய்ப் பேசினால், நம்மூர் வங்கியில் "யாம் பணம் எடுக்க வந்தோம்" என்று நிற்பது போல இருக்கும். குறிப்பு எழுதும்போது யார் சொன்ன வரி என்பதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

இந்தத் தொல்லை குறைவாக வேண்டுமென்றால் இன்றைய ஊரில் நடக்கும் கதையாகப் பாருங்கள். யோகாய் வாட்ச் என்ற கேம் சாதாரணக் குடியிருப்புப் பகுதியில் நடக்கிறது, சிறுவர்களுக்கானது என்பதால் கஞ்ஜிக்கு மேலே அதன் உச்சரிப்பைச் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். போக்கிமான் 1996-இல் வெறும் கானாவும் (ஹிராகானா, கட்டகானா) சொற்களுக்கு நடுவே இடைவெளியுமாகத் தொடங்கியது, 2010-இல் வந்த பிளாக், வைட் பதிப்புகளில்தான் கஞ்ஜி வேண்டுமா வேண்டாமா என்று தேர்ந்தெடுக்கும் வசதி வந்தது. 2013-இன் எக்ஸ், ஒய் முதல் தொடக்கத்திலேயே மொழி கேட்கும், ஜப்பானிலிருந்து தனியாக வரவழைக்க வேண்டியதில்லை. முதலில் கானா, பாதி கதை தாண்டியதும் கஞ்ஜி என்று திட்டம் போட விரும்பினால், குறிப்பிட்ட பதிப்பில் ஆட்டத்தின் நடுவில் அதை மாற்ற முடிகிறதா என்று வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.