டிரெயில் பைக்கின் இருக்கையைத் தாழ்த்தும்போது என்னவெல்லாம் மாறுகிறது?

சாலைக்கான சாதாரண பைக்கின் இருக்கை தரையிலிருந்து ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க, காடுமேட்டுப் பாதைகளில் ஓட்டும் முழு அளவு டிரெயில் பைக்குகளில் அது 880 முதல் 950 மில்லிமீட்டர் வரை போகிறது. பாறையிலும் மரவேரிலும் ஏறி இறங்கும் சக்கரத்துக்கு மேலும் கீழுமாக 250 முதல் 300 மில்லிமீட்டர் வரை அசைய இடம் தேவை. அந்த அசைவு முழுவதும் அமுங்கிய நிலையிலும் எஞ்சினின் அடிப்பகுதி தரையில் இடிக்கக் கூடாது என்பதால், சட்டமும் அதன்மேல் இருக்கையும் உயர்ந்துகொண்டே போகின்றன. ஆகவே உயரத்தைக் குறைக்கும் எந்த வழியும் இந்த இரண்டில் ஒன்றையோ, வேறொரு குணத்தையோ விலையாகக் கேட்கும்.

கால் எட்டாமல் போவது ஏன் இவ்வளவு பெரிய சிக்கல்? நிமிர்ந்து நிற்கும் வண்டியின் எடை சக்கரங்கள் வழியாகவே தரைக்கு இறங்கிவிடுகிறது. சாய்ந்த வண்டியை மட்டுமே கால் தாங்க வேண்டியிருக்கிறது. வண்டியின் நடுக்கோட்டிலிருந்து 350 மில்லிமீட்டர் தள்ளி ஊன்றும் கால், தரைக்கு 50 மில்லிமீட்டர் மேலே நின்றுவிட்டால், வண்டி ஏறத்தாழ 8 பாகை சாய்ந்த பிறகுதான் தரையைத் தொடும். வண்டி 130 கிலோ எடையும் அதன் ஈர்ப்பு மையம் 550 மில்லிமீட்டர் உயரத்திலும் இருந்தால், 2 பாகைச் சாய்வில் அதைக் கவிழ்க்க முயலும் திருப்புவிசை சுமார் 25 நியூட்டன் மீட்டர். 8 பாகையிலோ 100க்கு அருகே வந்துவிடும். இதில் ஓட்டுநரின் சொந்த எடை சேரவில்லை. 20 மில்லிமீட்டர் தாழ்த்தினாலே வண்டி வேறு வண்டிபோலத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

விவரப் பட்டியலில் அச்சிட்டிருக்கும் உயரம் பெரும்பாலும் ஆள் ஏறாத வண்டியினுடையது. ஆள் ஏறியதும் சக்கரங்களைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பான சஸ்பென்ஷன் அமிழ்கிறது. அந்த அமிழ்வு மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் இருக்க வேண்டும் என்பது பரவலான நடைமுறை. 300 மில்லிமீட்டர் அசைவுள்ள வண்டியில் அது ஏறத்தாழ 100 மில்லிமீட்டர். தொழிற்சாலையிலிருந்து வரும் ஸ்பிரிங் எடை கூடிய ஒருவருக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்றால், 55 கிலோ ஓட்டுநருக்கு அது போதுமான அளவு அமிழாது. உயரம் குறைந்தவர்கள் பலர் எடையும் குறைந்தவர்கள் என்பதால், அவர்கள் இரட்டை நஷ்டம் அடைகிறார்கள். முதல் செலவு ஸ்பிரிங்குக்குத்தான் போக வேண்டும் என்பது என் கருத்து.

இங்கே பலர், ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கிவைக்கும் பிரீலோட் திருகைத் தளர்த்தி வேலையை முடித்துவிடுகிறார்கள். அதனால் வண்டி இறங்கும். ஸ்பிரிங்கின் கடினம் மட்டும் மாறாது. ஆள் ஏறினால் அமிழ்வு சரியாக 100 மில்லிமீட்டர் வருகிறது, ஆனால் ஆள் இல்லாமலே வண்டி தன் எடையில் 50, 60 மில்லிமீட்டர் அமிழ்ந்து நிற்கிறது என்றால், ஸ்பிரிங் மிருதுவாகிவிட்டது என்று தோன்றும். உண்மை நேர்மாறானது: அந்த ஓட்டுநருக்கு அது மிகவும் கடினமான ஸ்பிரிங்.

இருக்கையின் அகலமும் உயரத்துக்குச் சமமாக முக்கியமானது. கால் இடுப்பிலிருந்து நேராகக் கீழே இறங்குவதில்லை. இருக்கையின் விளிம்பைச் சுற்றிக்கொண்டுதான் இறங்குகிறது. எனவே இருக்கை நுரையின் மேற்பரப்பைச் சீவுவதற்கு முன், பெட்ரோல் தொட்டியை ஒட்டிய முன்பகுதியில் இரு விளிம்புகளையும் சரிவாகச் சீவிப் பார்ப்பது நல்லது. மேற்பரப்பை மிகவும் குறைத்தால் நுரை முழுதாக நசுங்கி, அடித்தட்டின் மேலேயே உட்கார நேரிடும்.

அடுத்தது, எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும் லிங்க் தகடு; பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மை ஷாக் அப்சார்பரோடு இணைக்கும் நெம்பு அமைப்பின் பகுதி அது. பின் ஷாக் அப்சார்பர் லிங்க் வழியாக இயங்கும் பெரும்பாலான வண்டிகளில், தகட்டைச் சில மில்லிமீட்டர் நீளமானதாக மாற்றினால் பின்பகுதி 25 மில்லிமீட்டருக்கும் மேல் இறங்கிவிடும். இருக்கை அவ்வளவு இறங்காது. 1,400 மில்லிமீட்டர் சக்கர இடைவெளியில் ஓட்டுநர் பின் அச்சுக்கு 500 மில்லிமீட்டர் முன்னால் உட்கார்ந்தால், இருக்கைக்குக் கிடைப்பது அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. அத்துடன் வண்டி பின்னால் சரிவதால் ஸ்டீயரிங் அச்சின் சாய்வு ஏறக்குறைய ஒரு பாகை கூடுகிறது. அந்த அச்சு தரையைச் சந்திக்கும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் உள்ள தூரமும் சில மில்லிமீட்டர் நீள்கிறது. குறுகிய வளைவுகளில் திரும்ப மனமில்லாத வண்டியாக அது மாறுவது இதனால்தான்.

அதைச் சரிசெய்ய, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களை, அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்புக்குள் மேலே தள்ள வேண்டும். குழாயின் விட்டம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல என்பதால், கிளாம்ப் பிடிக்க அனுமதித்த பகுதியைத் தாண்டக் கூடாது. லிங்க் மாற்றத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு: ஷாக்கின் ஓட்டம் குறையவில்லை, சக்கரம் மட்டும் சட்டத்துக்கு நெருங்கிவிட்டது. பெரிய குழியில் டயர் மட்கார்டையோ காற்று வடிகட்டி இருக்கும் ஏர் பாக்ஸையோ போய் உரசலாம். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஷாக் முழுதாக அமுங்கும் வரை சக்கரத்தைத் தூக்கி, டயரைச் சுற்றி எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று பார்த்த பிறகே வண்டியை வெளியே எடுக்க வேண்டும்.

ஷாக்குக்குள்ளும் ஃபோர்க்குக்குள்ளும் வளையம் வைத்து, அவை முழுதாக நீள விடாமல் தடுப்பது இன்னும் ஒழுங்கான வழி. ஷாக் 1 மில்லிமீட்டர் அசைந்தால் சக்கரம் சுமார் 2.5 முதல் 3 மில்லிமீட்டர் அசைவதால், 10 மில்லிமீட்டர் வளையம் பின்புறத்தை 25 முதல் 30 மில்லிமீட்டர் இறக்கும். சக்கரம் மேலே போகும் எல்லை மாறாததால் டயர் உரசாது. முன்னும் பின்னும் ஒரே அளவு குறைத்தால் ஸ்டீயரிங் குணமும் அப்படியே இருக்கும். இழப்பது அசைவின் ஒரு பகுதியை. குறைந்த அசைவுக்குள் அதே அதிர்ச்சியைத் தாங்கச் சற்றுக் கடினமான ஸ்பிரிங் வேண்டும் என்பதால், எடை குறைந்தவருக்குக் கடினமாயிருந்த பழைய ஸ்பிரிங்கே இங்கே சில சமயம் பொருந்திவிடுவது ஒரு வேடிக்கை. ஆனால் ஷாக்குக்குள் உயர் அழுத்த நைட்ரஜன் அடைபட்டிருப்பதால் இது வீட்டுத் திண்ணையில் செய்யும் வேலையல்ல.

எந்த வழியில் தாழ்த்தினாலும் சைடு ஸ்டாண்டின் நீளத்தை உடனே பார்க்க வேண்டும். பழைய ஸ்டாண்டில் வண்டி ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். லேசான காற்றிலோ சற்றுச் சரிந்த தரையிலோ எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும். செயினின் தளர்வையும் திரும்ப அளக்க வேண்டும். முன் பல்சக்கரம், ஸ்விங் ஆர்மின் அச்சு, பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும் நிலையில்தான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். தாழ்த்திய வண்டி அந்த நிலைக்கு முன்பைவிட நெருக்கமாக நிற்பதால், ஸ்டாண்டில் நிறுத்தி அளக்கும் பழைய தளர்வு அளவு இனிப் பொருந்தாது. மூன்றும் நேர்கோட்டில் வரும்வரை ஷாக்கை அமுக்கி, அங்கே செயினுக்குச் சிறிதளவு தளர்வு மிஞ்சும்படி அதை அமைக்க வேண்டும்.