வெள்ளையணு இரத்தநாளச் சுவரில் ஒட்டுவது எப்படி?

பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி வழக்கமாக ஓரிரு வாரங்களில் உதிர்ந்துவிடும். மிக அரிதாகச் சில குழந்தைகளுக்கு அது 3, 4 வாரங்கள் கடந்தும் உதிராது. தொற்று மீண்டும் மீண்டும் வரும், ஆனால் புண்ணில் சீழ் பிடிக்காது. இரத்தப் பரிசோதனையிலோ வெள்ளையணுக்கள் இயல்பைவிடப் பன்மடங்கு மிகுந்திருக்கும். இரத்தத்தில் நிரம்பியுள்ள அந்த அணுக்களால் நாளத்தை விட்டு வெளியேற முடியவில்லை.

வெளியேற வேண்டுமானால், ஓடும் இரத்தத்தில் அடித்துச் செல்லப்படும் வெள்ளையணு முதலில் சுவரில் ஒட்ட வேண்டும். நலமான நாளச் சுவர் அதற்குப் பெரிதாகப் பிடிமானம் தருவதில்லை. கிருமி நுழைந்த திசுவிலுள்ள மேக்ரோபேஜ்கள் (கிருமிகளை விழுங்கும் காவல் செல்கள்) சுரக்கும் டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-1 ஆகிய சைட்டோகைன்களே (செல்களிடையே செய்தி கடத்தும் புரதங்களே) அருகிலுள்ள நுண்சிரைகளின் உட்சுவர்ச் செல்களை மாற்றியமைக்கின்றன. அச்செல்களுக்குள் சேமிப்பில் இருக்கும் பி-செலக்டின் என்ற ஒட்டும் புரதம், அழற்சியின்போது வெளிப்படும் ஹிஸ்டமின் பட்டதும் சில நிமிடங்களில் மேற்பரப்புக்கு வந்துவிடும். அதே வகைப் புரதமான இ-செலக்டினுக்கு அத்தகைய கையிருப்பு இல்லை. சைட்டோகைனின் சமிக்ஞை செல்லின் உட்கருவை எட்டி, மரபணு இயங்கி, புரதம் புதிதாக உருவாக வேண்டியிருப்பதால் அது தோன்றச் சில மணி நேரம் ஆகிறது.

செலக்டின்கள் வெள்ளையணுவின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளைப் பற்றுகின்றன. அந்தப் பிணைப்பு மிகத் தளர்வானது. பின்னால் ஒன்று அறும்போது முன்னால் ஒன்று உருவாக, அணு சுவரோடு மெல்ல உருள்கிறது. இந்த வேகக் குறைப்பில்தான் சூட்சுமம் இருக்கிறது. உருளும் அணுவுக்கு மட்டுமே, சுவரில் தங்கியிருக்கும் இன்டர்லூக்கின்-8 போன்ற கீமோகைன்களை (வெள்ளையணுக்களை ஈர்க்கும் சமிக்ஞைப் புரதங்களை) உணர அவகாசம் கிடைக்கிறது. உணர்ந்த கணமே, அணுவின் மேற்பரப்பில் அதுவரை மடங்கிக் கிடந்த இன்டெகிரின்கள் என்ற பிடிப்புப் புரதங்கள் நிமிர்ந்து, டிஎன்எஃப் தூண்டுதலால் சுவரில் பெருகியுள்ள ஐகாம்-1 மூலக்கூறை இறுகப் பற்றுகின்றன. அணு நின்று, தட்டையாகி, பெரும்பாலும் இரு செல்களுக்கு இடையே நுழைந்து திசுவுக்குள் போகிறது. மேற்சொன்ன குழந்தைகளுக்கு இன்டெகிரினின் சிடி-18 என்ற பகுதி பழுதாகியிருப்பதால், அணுக்கள் உருள்கின்றன, நிற்பதில்லை.

ஸ்டீராய்டு மருந்துகள் இந்த ஒட்டுதலைக் குறைக்கின்றன. சுவரோரம் தங்கியிருந்த அணுக்கள் ஓட்டத்துக்குத் திரும்புவதாலும் பரிசோதனையில் வெள்ளையணு எண்ணிக்கை கூடும். அதை மட்டும் பார்த்துத் தொற்று முற்றிவிட்டதாக முடிவு செய்துவிடக் கூடாது. ஒட்டுதலைக் குறிவைத்துத் தடுக்கும் நடாலிசுமாப் மருந்து, நோயெதிர்ப்பு அணுக்களே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்காக 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நோயைத் தூண்டும் லிம்ஃபோசைட்டுகளோடு (வெள்ளையணுக்களில் ஒரு வகை), மூளையில் ஜேசி வைரஸை அடக்கி வைக்கும் லிம்ஃபோசைட்டுகளையும் அது தடுத்துவிட்டதால் சிலருக்குக் கடுமையான மூளைத் தொற்று ஏற்பட்டது. 2005-இல் விற்பனையிலிருந்து விலக்கப்பட்ட அம்மருந்து, 2006-இல் கடும் கண்காணிப்பு நிபந்தனைகளுடன் மீண்டும் அனுமதிக்கப்பட்டது.