வார்டுல தங்கி மனசுக்கு எடுக்குற வைத்தியம் எப்படி வேலை செய்யுது?

வயித்து வலி, தலைசுத்தல், நெஞ்சு படபடப்புன்னு வருஷக்கணக்கா டாக்டர் மாத்தி டாக்டர் பாக்குறவங்க இருக்காங்க, ஸ்கேன்ல ஒண்ணும் தெரியாது, பிளட் டெஸ்ட்டும் நார்மல், கடைசில "உனக்கு ஒண்ணுமில்ல"ன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. ஆனா அந்த வலி நிஜம்ங்க. மன அழுத்தம் நரம்பு வழியா, ஹார்மோன் வழியா குடலோட அசைவையே மாத்தும், தசையை இறுக்கும், சாதாரண உணர்வைக்கூட மூளை வலியா எடுத்துக்கும்.

இதுல நிறைய பேருக்கு வாரம் ஒரு தடவை போய் தெரபிஸ்ட்கிட்ட பேசுறதே போதும். அது பத்தாதவங்களுக்குதான், அதாவது கடுமையான டிப்ரஷன், ஈட்டிங் டிஸார்டர் (சாப்பிடுறதுலயே வர்ற மனப் பிரச்சனை), வீட்டைவிட்டே வெளிய வர முடியாத அளவுக்கு பயம்னு இருக்குறவங்களுக்கு, வாரக்கணக்குல அட்மிட் ஆகி எடுக்குற சைக்கோதெரபி. இதுக்குன்னே தனி ஆஸ்பத்திரிகள் ஜெர்மனில நிறைய உண்டு. 1927-லயே பெர்லின்ல டேகல்ங்கற இடத்துல எர்ன்ஸ்ட் சிம்மல்ங்கற மனநல டாக்டர் அப்படி ஒரு கிளினிக் ஆரம்பிச்சாரு, பணம் இல்லாம 1931-ல மூடிட்டாங்க. ஆனா அவர் பிடிச்ச ஒரு விஷயம் இன்னைக்கும் நிக்குது: டாக்டரோட பேசுற ஒரு மணி நேரம் மட்டும் வைத்தியம் இல்ல, நர்ஸ், பக்கத்து பெட், சாப்பாட்டு மேசைன்னு வார்டுல நடக்குற எல்லாமே வைத்தியம்தான்.

ஒரு உதாரணம் சொல்றேன். சாப்பிடும்போது பக்கத்துல யாரோ குரலை உசத்துறாங்க, வார்டுல அட்மிட் ஆகியிருக்குற ஒரு பொண்ணு ஒண்ணும் சொல்லாம எல்லார் தட்டையும் எடுத்து அடுக்குது, பத்து நிமிஷத்துல வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ரூமுக்குப் போயிடுது. டாக்டர் முன்னாடி எப்பவும் சிரிச்ச முகம், படம் வரையிற தெரபில கருப்பு கலர் மட்டும்தான் எடுக்குது. டீம் மீட்டிங்ல நர்ஸ், டாக்டர், ஆர்ட் தெரபிஸ்ட் மூணு பேரும் பாத்ததைச் சேத்து வச்சாதான் கோவம் எங்க போய் ஒளியுதுன்னு புரியுது. அப்புறம் குரூப் தெரபில ஒருநாள் "நீங்க கத்தினது எனக்குப் பிடிக்கல"ன்னு அந்தப் பொண்ணே வாயைத் திறந்து சொல்லும் பாருங்க, அதைத்தான் எல்லாரும் எதிர்பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

சரி, பலன் எவ்வளவு? ஜெர்மன் ஆஸ்பத்திரிகள்ல நடந்த பல ஆய்வுகளைச் சேத்து 2014-ல ஒரு மெட்டா அனாலிசிஸ் வந்துச்சு. அறிகுறிகள் குறைஞ்சதோட எஃபெக்ட் சைஸ் சுமார் 0.7. அதாவது அட்மிட் ஆகும்போது 100 பேரை மோசமானவர்லேர்ந்து நல்லா இருக்குறவர் வரைக்கும் வரிசையா நிக்க வச்சா, நடுவுல நின்னவர் டிஸ்சார்ஜ் ஆகும்போது அதே வரிசைல கிட்டத்தட்ட 76-வது இடத்துக்கு வர்றாரு, இது நல்ல முன்னேற்றம்னுதான் நான் சொல்லுவேன். ஆனா மத்தவங்களோட பழகுறதுல இருக்குற சிக்கலுக்கு அந்த எண் பாதிதான், சுமார் 0.35, ஏன்னா தூக்கமும் படபடப்பும் சரியாகுற வேகத்துல உறவுப் பழக்கம் மாறாது.

இன்னொண்ணும் கவனிக்கணும், இது முன்னாடி-பின்னாடி ஒப்பீடு. ரொம்ப மோசமா இருக்கும்போதுதான் அட்மிட் ஆகுறோம், அந்த நிலைமை வைத்தியம் இல்லாமலே கொஞ்சம் தணியவும் செய்யும், அதனால 0.7 முழுக்க வைத்தியத்தோட கணக்குன்னு எடுத்துக்க முடியாது. இவ்வளவு மோசமா இருக்குறவங்களை சும்மா காத்திருக்க வச்சு ஒப்பிட்டுப் பாக்குறதும் நியாயமில்லையே.

வார்டுல வந்த மாற்றம் வீட்டுல நிக்குமாங்கறதுதான் பெரிய கேள்வி. அதனால பல இடத்துல டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே ஒரு வீக்எண்டு வீட்டுக்கு அனுப்பிப் பாக்குறாங்க, திங்கக்கிழமை திரும்பி வந்ததும் முதல்ல அதைப் பத்திதான் பேச்சு, வீட்டுல யார் குரல் உசந்துச்சு, அப்போ நீங்க என்ன பண்ணீங்க, வயிறு எப்போ வலிச்சுதுன்னு.