நம் சபைச் செய்தியும் செய்திதான்

"டிவியில வேலை பார்த்துக்கிட்டே கர்த்தருக்குச் சாட்சியா வாழ முடியுமாண்ணே?" வாலிபர் கூடுகைகளில் பேசப் போனால் இந்தக் கேள்வி வராமல் இருப்பதில்லை. கேட்பவர்கள் பெரும்பாலும் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்), இதழியல் படிக்கும் பிள்ளைகள். ஊரில் அவர்களுக்கு இரண்டு பதில்கள் ஏற்கெனவே கிடைத்திருக்கும். "அது உலகத்து வேலை, நமக்கெதுக்கு" என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். "சுவிசேஷத்தை உள்ளே கொண்டுபோகத்தான் கர்த்தர் உன்னை அங்கே வைக்கிறார்" என்று சபையில் சொல்லியிருப்பார்கள். இரண்டையுமே நான் ஏற்பதில்லை.

முதல் பதிலுக்கு நம் வரலாறே மறுப்பு. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' மிஷனரிகளின் உழைப்பு. 1841இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் தொடங்கிய 'உதயதாரகை' வேதத்தோடு கல்வி, விவசாயம், அறிவியல், ஊர்ச் செய்தி எல்லாம் பேசியது. பத்திரிகையைக் கண்டு ஒதுங்கும் பழக்கம் அவர்களிடம் இருந்ததில்லை.

இரண்டாவது பதில்தான் பிள்ளைகளை அதிகம் குழப்புகிறது. எல்லா மதத்தாரும், மதமே வேண்டாம் என்பவரும் நம்பிப் பார்க்கும் ஒரு செய்தியில் வசனத்தை நுழைக்க வழி தேடுகிறவர், அந்த நம்பிக்கையைத் திருடுகிறார். சம்பளம் வாங்குவது செய்தி எழுதுவதற்கு. அங்கே விசுவாசம் வெளிப்பட வேண்டிய இடம், திருப்பிப் பதில் சொல்ல முடியாத ஒரு மனிதரைப் பற்றி நாம் எழுதும் நாலு வரி. நிருபர்கள் அனுப்புவதைத் திருத்தி ஒளிபரப்புக்கு அனுப்பும் டிவி செய்தி டெஸ்க்கில் பல வருடங்களாக உட்கார்ந்திருப்பதில் எனக்கு உறுதியானது இதுதான்.

பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் தேர்ச்சி சதவீதம், மாவட்ட வரிசை, இனிப்பு ஊட்டும் விஷுவல். மதியத்துக்கு மேல் மாவட்ட நிருபர்களின் வாட்ஸ்அப் குழுவில் வேறு மாதிரியான செய்தி வரத் தொடங்கும். மதிப்பெண் குறைந்த ஒரு பிள்ளை உயிரை மாய்த்துக்கொண்டது. பெயர், ஊர், பள்ளி, எப்படி, எந்த இடத்தில், சீருடையில் ஒரு படம், கதறும் தாயின் வீடியோ, எல்லாம் ஒரே மூச்சில் வந்து விழும். அடுத்த சேனலில் ஸ்க்ரோல் ஓடிவிட்டது என்று ஒளிபரப்பைக் கட்டுப்படுத்தும் அறையான பிசிஆரிலிருந்து சத்தம் வரும். டெஸ்க்கில் இருப்பவருக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு நிமிடம்.

அந்த நேரத்துக்குள், யாரிடமும் அனுமதி கேட்காமல் ஓர் உதவி ஆசிரியரால் செய்ய முடிந்தவை நிறைய. இறந்த முறையை எடுத்துவிடலாம். இடத்தை எடுத்துவிடலாம். 'தேர்வில் தோல்வி, மாணவி தற்கொலை' என்று ஒற்றைக் காரணத்தைத் தலைப்பில் அறைவதைத் தவிர்க்கலாம். ஓர் உயிர் போவதற்குக் காரணம் ஒன்றே ஒன்றாக இருப்பது அரிது. தாயின் அழுகையை வெட்டலாம். 104, 14416 என்ற உதவி எண்களைச் சேர்க்கலாம். இவற்றில் பெரும்பாலானவை, உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைகளை ஒட்டி இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2019இல் ஏற்ற நெறிமுறைகளிலேயே இருக்கின்றன. அந்தக் கவுன்சிலின் வரம்பு அச்சு ஊடகத்துக்கு, டிவிக்கு இல்லை என்று சொல்லி நழுவிக்கொள்ள இடமுண்டு. விசுவாசி அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது. அதே மதிப்பெண்ணோடு இன்னொரு பிள்ளை ஏதோ ஒரு வீட்டில் அந்த ஸ்க்ரோலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தபோது, தீபாவளியையும் தாண்டி இரவு பகலாக நேரலை ஓடியது. தமிழ்நாடே ஜெபித்தது. நம் தொழிலில் இருக்கும் விசுவாசிகளும் ஜெபித்தார்கள். ஆனால் அந்தப் பெற்றோருக்கு முன்னால் எத்தனை மைக் நீட்டப்பட்டது என்பதை நம்மில் அதிகம் பேர் யோசிக்கவில்லை. ஜெபமும் மைக்கும் வேறு வேறு துறை என்று நினைத்துவிட்டோம்.

பாலியல் குற்றச் செய்திகளில் சட்டமே தெளிவாக இருக்கிறது. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படத்தோடு குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிட, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை விதிக்கிறது. வயது வந்த பெண்களுக்கு இந்தப் பாதுகாப்பை இப்போது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு தருகிறது. ஆனாலும் பெயரை மட்டும் மறைத்துவிட்டு, 'இன்ன ஊர் ஆட்டோ ஓட்டுநரின் மகள், இன்ன பள்ளியில் எட்டாம் வகுப்பு' என்று நிருபர் எழுதி அனுப்பும் செய்தி வரைவு, அதாவது காப்பி, இன்னும் நிற்கவில்லை. அந்த ஊரில் அப்படி எத்தனை பேர் இருப்பார்கள்? வந்த காப்பியை அந்த ஊர்க்காரர் கண்ணால் ஒருமுறை வாசித்துப் பார்ப்பதை நான் பழக்கமாக வைத்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்களிடமும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

பிரஸ் மீட் முடிந்ததும் கையில் திணிக்கப்படும் பணக் கவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "பரிதானம் பார்வையுள்ளவர்களைக் குருடாக்கி" என்று யாத்திராகமம் 23ஆம் அதிகாரம் சொல்வது நிருபருக்கென்றே எழுதியது போல இருக்கும். வாங்காமல் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். மாதச் சம்பளம் இல்லாமல் அடையாள அட்டையை மட்டும் கொடுத்துத் தாலுகா நிருபரை ஓடவிடும் நிறுவனங்கள் உண்டு. அங்கே கவர் வாங்கும் மனிதரைப் பார்த்து நாம் பரிசுத்தம் பேசுவதற்கு முன், அவருக்கு ஒழுங்கான ஊதியம் கிடைக்கக் குரல் கொடுத்தோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அலுவலக வாழ்க்கையில் வரும் சின்னச் சின்னக் கேள்விகளும் உண்டு. ராசிபலன் காப்பியைத் திருத்தச் சொன்னால் என்ன செய்வது? பொறுப்பாசிரியரிடம் முன்கூட்டியே மரியாதையாகச் சொல்லி வேறு வேலை கேட்கலாம். கேட்டு வாங்கும் வேலை அதைவிடக் கூடுதலாக இருக்கட்டும், அப்போதுதான் மற்றவர் தலையில் சுமத்தியதாக ஆகாது. ஆயுத பூஜையன்று கேமராவுக்கும் எடிட் சிஸ்டத்துக்கும் சந்தனம் குங்குமம் வைக்கும்போது நான் ஓரமாக, அமைதியாக நிற்பேன். சிலைகளுக்குப் படைத்த உணவைப் பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை வாசித்து, பொரிகடலையை வாங்கிக்கொள்ளும் சகோதரரும் இருக்கிறார்கள், மறுக்கும் சகோதரரும் இருக்கிறார்கள்; இருவருடைய மனச்சாட்சியையும் மதிக்கிறேன். கிறிஸ்துமஸ் காலையில் எனக்காக ஷிப்ட் பார்ப்பவர் அந்தப் பூஜையைச் செய்யும் நண்பர்தான். தீபாவளிக் காலை ஷிப்ட் என்னுடையது.

இவற்றையெல்லாம்விடக் கடினமான சோதனை, செய்தி நம் சபையைப் பற்றியதாக இருக்கும்போது வருகிறது.

பல சபைகள் சேர்ந்த திருமண்டலத்தின் தேர்தலில் இரண்டு அணிகள் மோதிக்கொண்டு காவல் நிலையம் போகும். சபைச் சொத்தை விற்றதில் வழக்கு வரும். போதகர் ஒருவர் மீது போக்சோவில் எஃப்ஐஆர் பதிவாகும். நிருபரின் காப்பி டெஸ்க்குக்கு வருமுன் என் போனில் அழைப்பு வந்துவிடும். சேகரக் கமிட்டியில் இருக்கும் பெரியவர், என்னைச் சிறுவயதிலிருந்து பார்த்தவர், பேசுவார். "தம்பி, நீங்களும் நம்ம பிள்ளைதானே. இதைக் கொஞ்சம் அமுக்கிறக் கூடாதா? கர்த்தருடைய நாமம்லா தூஷிக்கப்படும்." அவர் கெட்டவர் இல்லை. சபையை உண்மையாக நேசிக்கிறவர். அதனாலேயே மறுப்பது கஷ்டமாக இருக்கிறது.

ரோமர் 2ஆம் அதிகாரத்தில் தேவனுடைய நாமம் தூஷிக்கப்படுவதைப் பற்றிப் பவுல் பேசும்போது, காரணமாகச் சுட்டுவது போதித்துக்கொண்டே மீறுகிறவர்களை. அதை வெளியே சொன்னவர்களைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை இல்லை. தாவீது அரசன் உரியாவைக் கொல்லவைத்ததை வேதம் அமுக்கவில்லை. நாத்தான் தீர்க்கதரிசி அரசன் முகத்துக்கு நேரே பேசினான். பேதுரு மறுதலித்ததை நான்கு சுவிசேஷங்களும் பதிவு செய்திருக்கின்றன. இப்படிப்பட்ட புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் நாம், மூடி மறைப்பதைச் சாட்சி காப்பது என்று எப்படி நினைக்கலாம்?

குழந்தை சம்பந்தப்பட்ட புகாரில் "நமக்குள்ளயே பேசி முடிச்சிருவோம்" என்பது நல்லெண்ணமாகவே சொல்லப்பட்டாலும் அது குற்றம். விவரம் தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்கிறது போக்சோவின் 19ஆம் பிரிவு. சொல்லாவிட்டால் 21ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு. தனக்குக் கீழ் பணியாற்றுபவர் மீதான புகாரை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கும் போன் செய்யலாம். இதைச் சபைக் கமிட்டிகளில் வாசித்துக் காட்டுங்கள் என்று அழைக்கும் எல்லாரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

எதிர்ப்பக்கச் சோதனை ஒன்றும் இருக்கிறது. 'இவன் கிறிஸ்தவன், ஆனாலும் பாரபட்சம் பார்க்கமாட்டான்' என்று அலுவலகத்தில் பெயர் வாங்குவதற்காக, நம் ஆட்களைப் பற்றிய செய்தியில் இரண்டு சொல் கூடுதலாகக் கடுமை காட்டத் தோன்றும். அதுவும் பொய்ச்சாட்சிதான். ஒரு கோயில் அறங்காவலர் மீதோ பள்ளித் தாளாளர் மீதோ புகார் வந்தால் எப்படி எழுதுவேனோ அப்படியே இதையும் எழுத வேண்டும். தீர்ப்பு வரும்வரை குற்றச்சாட்டு என்றே எழுத வேண்டும். எதிர்த்தரப்பை அழைக்க வேண்டும். முதலில் பேசுகிறவன் நீதிமான் போலத் தெரிவான் என்று நீதிமொழிகள் 18 சொல்வது சபைக்கும் பொருந்தும். செய்தி என் சொந்தத் திருமண்டலத்தைப் பற்றியதாக இருந்தால், பொறுப்பாசிரியரிடம் அதைச் சொல்லிவிட்டுக் காப்பியை வேறொருவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

அதிகாலை நேரங்களைப் பணம் கட்டி வாங்கி ஒளிபரப்பாகும் ஊழிய நிகழ்ச்சிகளுக்கும் இதே அளவுகோல்தான். மூடநம்பிக்கையை ஊக்குவிக்கும் நிகழ்ச்சி கூடாது என்று 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகள் சொல்கின்றன. தாயத்து விற்பவருக்கு அதைச் சுட்டிக்காட்டும் நான், மருந்தை நிறுத்திவிட்டு ஜெபத்துக்கு வாருங்கள் என்று புற்றுநோயாளியிடம் சொல்லும் நிகழ்ச்சியைக் கண்டுகொள்ளாமல் விட முடியாது. தேவன் சுகமாக்குகிறார் என்று விசுவாசிக்கிறேன். அவர் பெயரைச் சொல்லி ஒருவரின் சிகிச்சையை நிறுத்துவதை ஏற்கமாட்டேன்.

கிறிஸ்தவர்கள் தாக்கப்படும் செய்திகளும் வருகின்றன, உண்மையானவை நிறைய. அவற்றோடு, வேறு நாட்டில் வேறு எதற்கோ எடுத்த படமும் 'ஜெபிக்கவும், பகிரவும்' என்று வருகிறது. அனுப்புகிறவர்களிடம் தேதியும் இடமும் கேட்கிறேன். விசுவாசக் குறைவு என்று கோபித்துக்கொள்பவர்கள் உண்டு. ஒரு போலிப் படம் பிடிபட்டால், உண்மையாகவே அடிபட்டவரின் புகாரையும் அடுத்த நாள் யாரும் நம்பமாட்டார்கள்.

சபைகளுக்கு என் வேண்டுகோள் மிக நடைமுறையானது. செய்தியை நிறுத்தச் சொல்லி எங்களை அழைப்பதை விட்டு, பத்திரிகையாளர் அழைத்தால் பேச அதிகாரம் உள்ள ஒருவரைக் கமிட்டி நியமிக்கட்டும். அவர் எண் சபை அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியட்டும். போனை அணைத்துவைத்தால் செய்தி நிற்காது, புகார் சொன்னவர் தரப்பு மட்டும் போகும். மறுப்பை எழுத்தில், பெயரோடும் பொறுப்போடும் கையெழுத்திட்டு அனுப்புங்கள். நிருபர் எட்டு மணிக்கு அழைத்து, உங்கள் பதில் எட்டே முக்காலுக்குள் வந்தால் ஒன்பது மணிச் செய்தியில் புகாரோடு சேர்ந்தே போகும்.