மணல் மூட மூட வளரும் நாரா

இலையே இல்லாத செடி எப்படி உயிர் வாழும் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது நாரா. நமீபியாவின் கடலோர மணற்குன்றுகளில் வளரும் முட்புதர் இது. வெள்ளரிக்கும் பூசணிக்கும் உறவு. ஒளிச்சேர்க்கையைப் பச்சைத் தண்டும் முள்ளுமே செய்கின்றன. மழையோ பல ஆண்டுகளில் 25 மில்லிமீட்டரைக்கூட எட்டாது. குயிசெப் போன்ற வறண்ட ஆறுகளின் அடியில் தேங்கும் நிலத்தடி நீரை நீண்ட வேர் தேடிப் பிடிக்கிறது.

என்னை வியக்க வைப்பது இந்தப் புதருக்கும் மணலுக்கும் நடக்கும் போட்டிதான். காற்று சுமக்கும் மணலின் அளவு, ஏறக்குறைய வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப மாறும். வேகம் பாதியானால் சுமை எட்டில் ஒன்றாகச் சுருங்கும். அடர்ந்த முட்புதரில் மோதிய காற்று தளர்கிறது. தாங்க முடியாத மணலை அங்கேயே கொட்டிவிடுகிறது. வேறு செடியாக இருந்தால் புதைந்து மடிந்திருக்கும். நாராவின் தண்டு நுனிகளோ மணலைத் துளைத்து மேலே வருகின்றன. வந்த நுனிகள் மறுபடியும் காற்றைத் தடுக்கின்றன, மறுபடியும் மணல் விழுகிறது, மறுபடியும் நுனி எழுகிறது. இப்படியே ஆண்டுக்கணக்கில் நடந்து, செடி தன் மேட்டைத் தானே கட்டிக்கொள்கிறது. மணல் குவியும் வேகம் வளர்ச்சியை முந்தினால் மட்டுமே அது தோற்கும். அந்த மேட்டின் நிழலில் வண்டுகளும் பல்லிகளும் குடியிருக்கின்றன.

காற்றை வெல்லும் இச்செடிக்கு மனிதர் கட்டிய சுவர் கேடானது. நமீபியாவின் துறைமுக நகரான வால்விஸ் பேயைக் காக்க 1960களில் எழுந்த வெள்ளத் தடுப்புச் சுவர், குயிசெப்பின் வடக்குக் கிளைக்கு வெள்ளம் போகாமல் தடுத்தது. நிலத்தடி நீர் ஊறவில்லை. அப்பகுதி நாராக்கள் நலிந்தன. இத்தகைய மெதுவான சேதம் இரண்டு மூன்று ஆண்டு ஆய்வுத் திட்டங்களின் கண்ணில் படாது. குயிசெப் கரையில் 1962இல் தொடங்கிய கோபாபெப் பாலைவன ஆய்வு நிலையம் போல ஒரே இடத்தில் பல்லாண்டு அமர்ந்து அளப்பவர்களுக்கு நிதி தருவதே அறிவுள்ள செலவு என்பேன்.

நாரா பெண் செடியில் மட்டுமே காய்க்கும். பிஞ்சு வாயைப் புண்ணாக்கும் அளவுக்குக் கசக்கும்; குக்கர்பிட்டாசின் என்னும் சேர்மங்களே காரணம். பழுக்கும்போது கசப்பு மறைந்து சதை இனிக்கிறது. குயிசெப் கரையில் வாழும் டாப்னார் மக்கள் அந்தச் சதையைக் காய்ச்சி, விதையைப் பிரித்தெடுத்து, கூழைத் தகடாக உலர்த்தி வைத்துக்கொள்கிறார்கள். எண்ணெய்ச் சத்து நிறைந்த விதையைக் கொறிப்பதும் உண்டு. கேப்டவுன் வரை அது விற்பனைக்குப் போயிருக்கிறது.